மன்னார்குடி அம்மா, டொரன்டோ மகள், வெடிக்காத சீடை!

முதல் ஈடு எண்ணெயில் விழுந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்ச இடைவெளியில் இன்னொன்று. பிறகு சரவெடி பற்றிக்கொண்ட மாதிரி வரிசையாக. ஓர் உருண்டை மேலே பறந்து, அடுப்புக்கு மேல் இருந்த மைக்ரோவேவ் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. சுவரில் எண்ணெய், தரையில் எண்ணெய். போதாததற்கு ஸ்மோக் அலாரம் வேறு அலறத் தொடங்க, ஏழு வயது மகன் காதைப் பொத்திக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினான்.

இவ்வளவையும் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார் மன்னார்குடியில் இருக்கும் அம்மா. டொரன்டோவில் அப்போது இரவு 8 மணி. மன்னார்குடியில் விடிகாலை 5.30. அம்மா கேட்ட முதல் கேள்வி, "கையில படலையேம்மா?" இரண்டாவது கேள்வி, "மாவைச் சலிச்சியா?"

சலிக்கவில்லை. பாக்கெட்டில் வரும் மாவை எதற்குச் சலிக்க வேண்டும்?

கனடாவுக்குப் போய் ஒன்பது வருடமாகிவிட்ட இந்த மகள், ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். "சீடை வெடிச்ச கதைக்குப் பேர் வேற போடணுமா?" என்று சிரித்தபடி மறுத்துவிட்டதால், அவர் இங்கே வெறும் மகள்தான். அம்மா, வெறும் அம்மா.

கிருஷ்ண ஜயந்திக்குச் சீடை செய்வது மன்னார்குடியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. ஊரின் நடுவில் ராஜகோபாலசுவாமி கோயில். கண்ணனுக்கே பேர்போன ஊர். ஆவணி பிறந்தாலே தெருவுக்குத் தெரு நெய்யும் எண்ணெயும் மணக்கும். இவர் கனடா போன பிறகும் அந்த மணம் வருடா வருடம் ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் விமானம் ஏறி வந்துவிடும். டொரன்டோவுக்கு யார் கிளம்பினாலும், அவர்களின் பெட்டியில் ஒரு மூலையை அம்மா முன்பதிவு செய்துவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அது நின்றது. அம்மாவின் வலது கையில் லேசாக நடுக்கம். முதலில் வயசு என்றார்கள். பிறகு டாக்டர், பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்றார். மாத்திரைகள் ஓரளவு கைகொடுத்தாலும், கோலிக்குண்டைவிடச் சின்னதாக இருநூறு முந்நூறு உருண்டை உருட்டுவது இனி முடியாது. கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் நிற்பதற்கு அப்பா தடை போட்டுவிட்டார். போன வருடம் கடையில் வாங்கிய சீடைதான் கண்ணனுக்கு நைவேத்தியம். அம்மா ஒன்றே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, மீதியை மூடி வைத்துவிட்டார். அதைப் போனில் அப்பா சொன்ன அன்றுதான், இந்த வருடம் தானே செய்வது என்று மகள் முடிவெடுத்தார்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. வாழ்நாள் முழுக்கச் சீடை சாப்பிட்டிருக்கிறார். ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. செய்வதைப் பார்த்ததுகூட இல்லை.

பார்க்க விட்டதில்லை என்பதுதான் சரி. சீடை எண்ணெயில் இருக்கும்போது குழந்தைகளுக்கு அடுக்களையில் இடமில்லை. "வெடிக்கும், அந்தாண்ட போ!" என்று விரட்டுவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். தோசை வார்ப்பதை, குழம்பு கூட்டுவதை, முறுக்கு பிழிவதைப் பார்த்துப் பார்த்தே பாதி கற்றுக்கொண்ட பிள்ளைகள், சீடையை மட்டும் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றிய அதே பயம், அந்தக் கைப்பக்குவத்தை அடுத்த தலைமுறைக்கு மறைத்தும்விட்டது.

ஏன் வெடிக்கிறது?

சீடை வெடிப்பது சாமி குத்தமும் இல்லை, கைராசியும் இல்லை. சோளப்பொரி பொரிவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். உருண்டைக்குள் இருக்கும் ஈரம், எண்ணெய்ச் சூட்டில் நீராவியாகிறது. தண்ணீர் ஆவியாகும்போது அதன் கன அளவு சுமார் 1,700 மடங்கு பெருகும். அந்த ஆவிக்கு வெளியேற வழி வேண்டும். வழி இருந்தால் எண்ணெயில் சலசலவென்று குமிழ் விட்டபடி போய்விடும். மேல்தோல் முதலிலேயே இறுகிப்போய் வழி அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் தோல் கிழியும். சோளப்பொரியில் கிழிந்தால் பூ. சீடையில் கிழிந்தால் கொதிக்கும் எண்ணெய் முகத்தில்.

அதனால், வெடிக்காத சீடை என்பது இரண்டே விஷயம்தான். உள்ளே ஈரம் அளவோடு இருக்க வேண்டும். மேலே ஆவி போக விரிசல் இருக்க வேண்டும். பாட்டிமார்கள் சொல்லும் அத்தனை பக்குவமும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். மாவை வறு என்பது ஈரத்துக்கு. இரண்டு தடவை சலி என்பது குருணைக்கு. மாவோடு மாவாகச் சேராத ஒரு சின்னக் குருணை, கரையாத ஒரு உப்புக்கல், எள்ளில் கிடக்கும் ஒரு மணல் என எது இருந்தாலும் அதைச் சுற்றி ஈரமோ காற்றோ தங்கும். உருண்டையை அழுத்தி உருட்டாதே என்பது விரிசலுக்கு.

மகளின் முதல் முயற்சியில் இவை அத்தனையும் தலைகீழ். இந்தியக் கடையில் வாங்கிய அரிசி மாவை, சலிக்காமல், வறுக்காமல் அப்படியே கொட்டினார். ஃப்ரீசரில் இருந்த தேங்காய்த் துருவலை எடுத்து, பனி உருகிய தண்ணீரோடு சேர்த்தார். உப்பு போட்ட வெண்ணெய், அதற்கு மேல் தனியாக உப்பும். எல்லாவற்றுக்கும் சிகரமாக, பார்க்க அழகாக இருக்க வேண்டுமென்று ஒவ்வோர் உருண்டையையும் கண்ணாடிக் குண்டு மாதிரி வழவழவென்று உருட்டினார். "அவ்ளோ அழகா இருந்துச்சு. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்" என்கிறார். அம்மா போனில் அந்தப் படத்தைப் பார்ப்பதற்குள் முதல் ஈடு எண்ணெயில் விழுந்துவிட்டது.

கண்ணளவு, கைப்பிடி, பதம்

பிசைவதற்கு முன்பே அம்மாவிடம் அளவு கேட்கத்தான் செய்தார். "ரெண்டு ஆழாக்கு மாவு, ஒரு கைப்பிடி உளுத்தமாவு, எலுமிச்சங்காய் அளவு வெண்ணெய்" என்று வந்தது பதில். எந்த ஆழாக்கு? யார் கைப்பிடி? எலுமிச்சையாவது பரவாயில்லை, கனடாவில் கிடைக்கும் எலுமிச்சை நம்மூர்ப் பழத்தைவிட இரண்டு மடங்கு பெரிது!

கடைசியில் அப்பாதான் களத்தில் இறங்கினார். இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடியால் தண்ணீர் அளந்து அளந்து, அம்மாவின் பித்தளை ஆழாக்கில் ஊற்றினார். பதினேழு மூடி பிடித்தது. அம்மாவின் கைப்பிடி உளுத்தமாவைத் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, எடையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நாற்பது வருடமாகக் கையில் இருந்த ஒரு கணக்கு, முதன்முறையாக எண்ணாக மாறியது.

அளவு கிடைத்தாலும் பதம் கிடைக்கவில்லை. மாவை எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்ற கேள்விக்கு, "கோலம் போட வர்ற வரைக்கும்" என்றார் அம்மா. அதாவது, வறுத்த மாவைச் சிட்டிகையாக எடுத்து விரல்களுக்கிடையே விட்டால், கோலமாவு போல அறாமல் கோடாக இறங்க வேண்டும். ஈரம் இருந்தால் திட்டுத்திட்டாக விழும். இதைவிடத் துல்லியமான ஈரம் பார்க்கும் கருவி ஒரு வீட்டுச் சமையலறையில் இருக்க முடியாது. ஆனால், அதற்குக் கோலம் போட்டுப் பழகிய விரல் வேண்டும். தரை முழுக்க கார்ப்பெட் ஒட்டிய அபார்ட்மென்ட்டில் ஒன்பது வருடம் இருந்தவருக்குக் கோலக்கோடு எப்படி இறங்கும் என்பதே மறந்துபோயிருந்தது. கண்ணனின் குட்டிப் பாதங்களைக்கூட இவர் சார்ட் பேப்பரில் வரைந்து, வெட்டித்தான் ஒட்டுகிறார்.

வீடியோ கால் பெரிய வரம்தான். ஆனாலும் சமையலுக்கு அது அரைக்கண்தான். 'பொன்னிறமாக' என்பதை அம்மா திரையில் பார்த்துச் சொல்ல முடியவில்லை. போன் கேமரா, வெளிச்சத்துக்குத் தகுந்தாற்போல் நிறத்தைத் தானாகவே மாற்றிக் காட்டியது. அதைவிடப் பெரிய சிக்கல், சத்தம். சீடை வெந்துவிட்டதா என்பதை அம்மா கண்ணால் பார்ப்பதில்லை, காதால் கேட்பார். போட்டதும் சடசடவென்று இருக்கும் எண்ணெய், உள்ளிருக்கும் ஈரம் தீரத் தீர அடங்கும். "போனை அடுப்புகிட்ட காட்டும்மா, சத்தம் கேக்கணும்" என்றார். மகள் காட்டினார். அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேச்சு தெளிவாகக் கேட்பதற்காகப் பின்னணி இரைச்சலை வடிகட்டும் தொழில்நுட்பம் இந்தச் செயலிகளில் உண்டு. எண்ணெய் பொரியும் சத்தம் அதன் கணக்கில் வெறும் இரைச்சல்! அம்மாவுக்கு எது தேவையோ, அதைத்தான் அது வடிகட்டி எறிந்துகொண்டிருந்தது. அடுத்த முறை காலை நிறுத்திவிட்டு, கேமராவில் வீடியோ எடுத்து அனுப்பினார். அதில் சத்தம் இருந்தது. அம்மா அதைக் காதில் வைத்துக்கொண்டு நாலைந்து முறை கேட்டாராம்.

இரண்டாவது முயற்சி கல்லானது

வெடித்த பயத்தில் அடுத்த வாரம் மகள் இரண்டு முடிவு எடுத்தார். ஏற்கெனவே வறுத்த மாவு வாங்குவது. அடுப்பைக் குறைத்தே வைப்பது.

வறுத்த மாவு தேடிப் போன இடம், டொரன்டோவின் கிழக்கே இருக்கும் ஸ்கார்பரோ. ஈழத்தமிழர்கள் திரளாக வாழும் பகுதி. கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து, உள்ளே முருங்கைக்காயில் இருந்து பனங்கிழங்கு வரை. அங்கே 'வறுத்த அரிசி மா' பாக்கெட் தாராளமாகக் கிடைக்கும். புட்டுக்கும் இடியப்பத்துக்குமான மாவு அது, பெரும்பாலும் சிவப்பரிசியில் அரைத்தது. போகிற வழியில் இன்னோர் ஆசியக் கடையில் விலை மலிவாக இருந்த மாவையும் கையில் எடுத்திருக்கிறார். நல்லவேளை, லேபிளைப் படித்துவிட்டு வைத்துவிட்டார். அது ஒட்டும் அரிசி மாவு. கொழுக்கட்டை மாதிரி இழுவையாக வரும் கிழக்காசியப் பலகாரங்களுக்கு ஆனது. அரிசி மாவு என்று பெயரில் இருந்தாலும் சீடைக்கு ஆகாது. ஒட்டும் அரிசி மாவு எண்ணெயில் உப்பி வெடிப்பதில் நம் அரிசிக்கு அண்ணன். வெளிநாட்டில் புதிதாகச் சமையல் பழகுகிறவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. 'குளூட்டினஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

சிவப்பரிசி மாவில், குறைந்த தீயில் பொரித்த சீடை ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஆனால், கடிக்கவும் முடியவில்லை. எண்ணெய் போதிய சூடில்லாவிட்டால் மேல்தோல் சீக்கிரம் பிடிக்காது. உருண்டை நெடுநேரம் எண்ணெயிலேயே கிடந்து, எண்ணெயைக் குடித்து, உள்ளுக்குள் இறுகிவிடும். மகன் ஒன்றை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்துவிட்டு, இது சாப்பிடுவதா விளையாடுவதா என்று கேட்டான்.

இதில் அடுப்பின் பங்கும் உண்டு. கேஸ் அடுப்பில் குமிழைத் திருப்பினால் தீ அந்த நொடியே குறையும். அங்கே பல வீடுகளில் இருப்பது மின்சாரத்தில் பழுக்கும் சுருளோ கண்ணாடித் தட்டோதான். குறைத்தாலும் ஏற்கெனவே ஏறிய சூடு நெடுநேரம் இறங்காது, கூட்டினாலும் உடனே ஏறாது. அம்மா 'அடுப்பைக் குறை' என்று சொல்லும்போது குறைத்தால், அது வேலை செய்வதற்குள் ஈடே கருகிவிடும். குழிந்த இருப்புச்சட்டி அந்தத் தட்டில் நிற்கவும் நிற்காது. கடைசியில், அடி தட்டையான கனமான பாத்திரமும், எண்ணெயில் நிற்க வைக்கும் தெர்மாமீட்டரும் வாங்கினார். 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை சீடைக்குச் சரியாக இருப்பதாக அவருக்குப் பிடிபட்டது. ஓர் உருண்டையைப் போட்டால் அடியில் போய், அவசரப்படாமல் குமிழோடு மேலே வர வேண்டும் என்று அம்மா சொன்னதும் அதே சூடுதான்.

"இடிச்ச மா இல்லாமல் சரிவராது, பிள்ளை"

விடை வந்தது ஸ்கார்பரோ கடையிலேயே. கல் கதையைக் கேட்ட கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா சிரித்துவிட்டு, "பக்கெற் மாவிலை அரியதரமே வராது பிள்ளை, இது எப்பிடி வரும்? அரிசியை ஊறப்போட்டு இடியுங்கோ" என்றிருக்கிறார். அரியதரம் என்பது நம் அதிரசத்துக்கு நெருங்கிய உறவு. அதுவும் ஊறவைத்த அரிசியில் இடித்த ஈர மாவில்தான் பதமாக வரும். சீடையும் ஆதியில் அப்படித்தான். மன்னார்குடியில் அம்மா இதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் மறதி இல்லை. ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மெஷினில் கொடுத்து அரைத்து வாங்குவதுதான் அவருக்கு அரிசி மாவு. வேறு ஒன்றை மகள் அரிசி மாவு என்று நினைத்துக்கொண்டிருப்பார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஊர்ப் பலகாரத்தை வெளிநாட்டில் செய்யப்போகிற எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். செய்முறையில் எழுதியிருப்பதைச் செய்துவிடலாம். எழுதத் தேவையே இல்லையென்று விட்டதுதான் அங்கே கிடைக்காது. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்த் தண்ணீரில் இயல்பாகவே இருக்கும் உப்புச்சுவைதான் ரகசியம் என்பது அங்கே முறுக்கு சுடுகிறவர்களின் நம்பிக்கை. தண்ணீர் என்று ஒரு வார்த்தையில் செய்முறை முடித்துக்கொள்ளும். மணப்பாறையில் இருக்கிறவருக்கு அது போதும்.

மூன்றாவது முயற்சியில் மகள் தொடக்கத்தில் இருந்து தொடங்கினார். சோனா மசூரி பச்சரிசியைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, பருத்தித் துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் உலர்த்தினார். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, கேக் செய்கிறவர்கள் பயன்படுத்தும் மெல்லிய கண் சல்லடையில் சலித்தார். பிறகு வறுத்து, ஆறவைத்து, மறுபடி சலித்தார். மேலே நின்ற குருணையை உப்புமாவுக்கு ஒதுக்கினார். சிவக்க வறுத்த உளுத்தம்பருப்பையும் அரைத்து, அதே போலச் சலித்தார்.

அப்பாவின் மருந்து மூடிக் கணக்கைக் கப்புக்கு மாற்றி, கூட்டிக் குறைத்து இவர் எழுதி வைத்திருக்கும் அளவு இது: இரண்டு கப் வறுத்த அரிசி மாவுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் உளுத்தமாவு, இரண்டு டேபிள்ஸ்பூன் உப்பில்லாத வெண்ணெய், மூன்று டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல், ஒரு டீஸ்பூன் எள், அரை டீஸ்பூன் பெருங்காயத்தூள், முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு. தேங்காய் ஃப்ரீசரில் இருந்து வந்ததென்றால், வெறும் வாணலியில் ஈரம் போகப் புரட்டிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். உப்பையும் பெருங்காயத்தையும் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி ஊற்றினால் கல் பயம் இல்லை. வெண்ணெய் கூடினால் கரகரப்பு கூடும் என்று தாராளம் காட்டினால், உருண்டை எண்ணெயில் உதிர்ந்துபோகும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் பிசைய வேண்டும்.

உருட்டுவதில்தான் சூட்சுமம். சின்னதாகக் கிள்ளி, உள்ளங்கையில் அழுத்தம் கொடுக்காமல் ஒரு சுற்று. அவ்வளவுதான். மேலே மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அது குறையில்லை, ஆவி போகும் கதவு. சிலர் கூடுதல் பாதுகாப்புக்கு ஒவ்வோர் உருண்டையிலும் பல்குத்தும் குச்சியால் ஒரு குத்து குத்திவிடுவார்கள். செட்டிநாட்டுச் சீப்புச் சீடையில் இந்தப் பயம் குறைவு. பட்டையாகப் பிழிந்து, வளைத்து, முனைகளை ஒட்டும் வளையம் அது. ஆவிக்குப் பெரிய வாசலே திறந்திருக்கிறது. உருண்டைகளைத் துணியில் அரை மணி நேரம் ஆறவிட்டு, முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பார்த்தார். பாத்திரத்தின் மேல் எண்ணெய் தெறிக்காமல் தடுக்கும் கம்பிவலை மூடி.

வெடிக்கவில்லை.

அன்று உருட்டியது நூற்றுக்கும் மேல். இரண்டு மட்டும் 'டப்' என்றன. "ரெண்டு வெடிச்சாத்தான் அது வீட்டுச் சீடை" என்றார் அம்மா.

அலாரத்தில் கை வைக்காதீர்கள்

சீடை ஆசையில் இதைப் படித்துவிட்டு அடுப்பு பற்றவைக்கப்போகிற வெளிநாட்டுவாசிகளுக்குச் சில விஷயங்கள். ஸ்மோக் அலாரம் அலறுகிறதே என்று பிளாஸ்டிக் கவரால் மூடுவதும், பேட்டரியைக் கழற்றுவதும் பலர் செய்வதுதான். செய்யக் கூடாது. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அலாரத்தைச் செயலிழக்க வைப்பது சட்டப்படி குற்றம். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, எண்ணெய் புகையும் அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் அலறாது. எண்ணெயில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூட வேண்டும். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. கையில் எண்ணெய் பட்டால் பேஸ்ட், மை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பெரிய காயமென்றால் மருத்துவமனை.

மிச்ச எண்ணெயை சிங்க்கில் ஊற்றுவது இன்னொரு தவறு. 2017-ல் லண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் எடையில் ஒரு கொழுப்பு மலை அடைத்துக்கொண்டது. சமையலறைகளில் இருந்து போன எண்ணெயும் கொழுப்பும் அதில் பெரிய பங்கு. ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி மூடி அப்புறப்படுத்துவதே முறை.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. அரிசிப் பலகாரம்தானே என்று பிள்ளையின் பள்ளிக்கும் ஆபீஸுக்கும் கொடுத்தனுப்புவோம். சீடையில் எள் இருக்கிறது. கனடாவிலும் பிரிட்டனிலும் எள் ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கும் பொருள். அமெரிக்காவும் 2023 ஜனவரி முதல் எள்ளை அப்படிச் சேர்த்துவிட்டது. கடையில் வாங்கும் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை சேராதவர்களுக்கு அதுவும் ஆபத்து. சொல்லிவிட்டுக் கொடுத்தால் போதும்.

டிசம்பர், சம்புடம்

ஆவணியோடு கதை முடிந்திருக்கலாம். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போவதென்று டிக்கெட் போட்டதும், மகள் நாலாவது முறையாக அரிசியை ஊறப்போட்டார். வெளியே பனி. உள்ளே ஹீட்டர் ஓடி ஓடிக் காற்றில் ஈரமே இல்லை. ஆகஸ்ட்டில் அரை மணி நேரம் ஆறவிட்ட உருண்டை, இப்போது பத்து நிமிடத்திலேயே உலர்ந்து விண்டுவிடப் பார்த்தது. ஈரத்துணி போட்டு மூடி மூடி, கொஞ்சம் கொஞ்சமாக உருட்ட வேண்டியிருந்தது. எழுதி வைத்த தாளில் 'குளிர்காலம்: உடனுக்குடன் பொரிக்கவும்' என்று ஒரு வரி கூடியது. அம்மாவுக்கே தெரியாத வரி அது.

இந்த முறை உருட்டுவதற்கு ஆள் இருந்தது. மகன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு உருட்டினான். எல்லாமே வழவழவென்று கண்ணாடிக் குண்டுகள். போனில் பார்த்த பாட்டி, "அவ்ளோ அழுத்தாதேடா கண்ணா, லேசா விடு" என்றார். அவன் கேட்கவில்லை. அவன் உருட்டியதையெல்லாம் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் குச்சியால் குத்த வேண்டியிருந்தது. பொரிக்கும்போது அவனை விரட்டவில்லை. சமையலறை வாசலில், தரையில் ஒட்டிய டேப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கலாம் என்று ஒப்பந்தம். கம்பிவலை மூடிக்குக் கீழே சலசலப்பு எப்போது அடங்குகிறது என்று சொல்வது அவன் வேலை.

வருடா வருடம் மன்னார்குடியில் இருந்து டொரன்டோவுக்கு வந்துகொண்டிருந்த அதே எவர்சில்வர் சம்புடம், முதல்முறையாக நிரம்பி எதிர்த்திசையில் போனது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக அதைத்தான் அம்மாவிடம் கொடுத்தார் மகள். கைக்குப் போனதும், அந்த நடுக்கத்தில் சம்புடம் தானாகவே கலகலவென்றது. மொறுமொறுப்பாக இருக்கும் சீடைதான் அப்படிச் சத்தம் போடும். அம்மா அதைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மூடியைத் திறக்கச் சொல்லி, ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார்.

"தேங்கா ஐஸ்ல வச்சதா?" என்றார்.

ஆமாம் என்றார் மகள். அப்பா கை நீட்டினார். "இருங்க, சாமிக்கு வைக்கல இன்னும்" என்று அம்மா சம்புடத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, மூன்றாவதை எடுத்தார்.